நோக்கால் பேணுதல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிஞர்கள் நிறைந்த அவையில் ஒரு தமிழாசிரியை பேச எழுந்தால் சங்க இலக்கியத்தைப் பற்றியோ காப்பியங்களைப் பற்றியோ பேசுவாள் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. கண்ணாடிக் குடுவையில் தனியே வாழும், விரல் நீளமே உள்ள ஒரு வண்ண மீன் நோயுற்றால் அதனை எவ்வாறு பேணுவது என்பதே அது. கடைத்தெருவில் ‘ஃபைட்டர்’ என்றும், நூல்களில் சயாமியச் சண்டை மீன் என்றும் வழங்கும் மீன் இது. இதற்கும் கவிதைக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். உரை முடிவதற்குள் அவ்வுறவு தானே புலப்படும் என்று நம்புகிறேன்.

தமிழ்க் கவிதைக்கும் மீனுக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. கயல், கெண்டை, வாளை, வரால், ஆரல், அயிரை, சுறா என்று பெயர் பெயராக மீனை அறிந்திருந்தவர்கள் நம் புலவர்கள். நெய்தல் திணையும் மருதத் திணையும் மீனின்றி இயங்கா. பாண்டியன் கொடியில் மீன் பறந்தது. ஆயினும் காலம் செல்லச் செல்ல, மீன் என்றால் மகளிர் கண்ணுக்கு உவமை என்ற அளவில் நம் பார்வை சுருங்கிவிட்டது. கயல்விழி என்று எழுதும் கவிஞருள் எத்தனை பேர் கயலின் விழியை உற்று நோக்கியிருப்பர்? மீனுக்கு இமை இல்லை. அது கண்மூடி உறங்குவதில்லை. நோயுற்ற மீனின் கண் சில வேளை பிதுங்கும். சில வேளை மங்கி வெண்படலம் படரும். உவமையில் நீந்தும் மீனுக்கு நோய் வருவதில்லை. குடுவையில் நீந்தும் மீனுக்கு வருகிறது. இவ்வேறுபாடே இன்றைய என் உரைக்கு வித்து.

நம் மரபில் அழகான ஒரு கருத்து உண்டு. பறவை தன் முட்டையைத் தொட்டு அணைத்துக் குஞ்சாக்கும். மீன் பார்த்துப் பொரிக்கும். ஆமை நினைந்து பொரிக்கும் என்பர். சைவ சமய நூலார் இம்மூன்றையும் பரிசம், நயனம், மானதம் என்னும் மூவகைத் தீக்கைக்கு உவமையாக்கினர். மதுரை மீனாட்சியின் பெயருக்கும் இவ்வாறே விளக்கம் சொல்வதுண்டு. மீன் தன் முட்டையைப் பார்வையால் காப்பதுபோல் அவள் உலகைக் கடைக்கண்ணால் காக்கிறாள் என்பது அவ்விளக்கம்.

இம்மூன்று உயிர்களும் நம் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இருக்கின்றன என்பதை நினைக்கும்போது மகிழ்ச்சி உண்டாகிறது. தொட்டுக் காக்கும் பறவைகளுக்கு வேடந்தாங்கல் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் காலத்திலேயே அவ்வூர் மக்கள் பறவைகளைச் சுடக்கூடாது என்று உறுதி ஆவணம் பெற்றனர். 1936-இல் அது சரணாலயமாக ஏற்கப்பட்டது. நினைந்து காக்கும் ஆமைகளுக்கு மாமல்லபுரம் கடற்கரை இருக்கிறது. பங்குனி ஆமைகள் மணலில் முட்டையிட்டு, மணலை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடுகின்றன. ஏறத்தாழ 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் தாமே வெளிவருகின்றன. தாய் திரும்பி வந்து பார்ப்பதில்லை. ஆகவேதான் நினைப்பால் காக்கிறது என்றனர் போலும். பார்த்துக் காக்கும் மீனுக்கோ ஏரி மாவட்டம் என்ற பெயரே சான்று. செங்கழுநீர்ப் பூவால் செங்கல்பட்டு பெயர் பெற்றது என்பர். நீரும் பூவும் உள்ள இடத்தில் மீனுக்கு என்ன குறை?

இனி அந்தச் சண்டை மீனிடம் வருவோம். அதன் தாயகம் தாய்லாந்து. ஆண் மீன்களை மோதவிட்டு வேடிக்கை பார்க்கும் வழக்கம் அங்கு நெடுநாளாக இருந்தது. 1910-இல் ரீகன் என்னும் ஆங்கில அறிஞர் இதற்கு ‘பெட்டா ஸ்ப்ளெண்டன்ஸ்’ என்று அறிவியற்பெயர் இட்டார். 2022-இல் வெளியான மரபணு ஆய்வொன்று, மனிதர் இதனை வளர்க்கத் தொடங்கிக் குறைந்தது 1000 ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று கண்டது. தஞ்சையில் இராசராசன் பெரிய கோயில் எழுப்பிய காலத்தை ஒட்டியே இம்மீனும் மனிதன் கைக்கு வந்துவிட்டது எனலாம். 2019-இல் தாய்லாந்து அரசு இதனைத் தன் தேசிய நீர்வாழ் உயிராக அறிவித்தது.

அயல்நாட்டு மீன் என்று ஒதுக்கிவிடவும் முடியாது; இதன் தாயாதிகள் நம் மண்ணிலேயே உள்ளனர். புதுச்சேரி அரியாங்குப்பம் ஆற்றில் கிடைத்த ஒரு சிறுமீனுக்குப் பிரெஞ்சு அறிஞர் குவியே 1831-இல் அவ்வூர்ப் பெயரையே தழுவிக் ‘கூபானஸ்’ என்று பெயர் சூட்டினார். அதுவும் சண்டை மீனைப்போல நுரைக்கூடு கட்டும் இனமே. மற்றோர் உறவு பனையேறிக் கெண்டை. தரங்கம்பாடியில் டேனியப் படை அலுவலராக இருந்த டால்டார்ஃப், பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த மீனைத் தாம் பிடித்ததாக எழுதிய குறிப்பு 1797-இல் லண்டன் லின்னேயன் கழக வெளியீட்டில் அச்சாயிற்று.

இவ்வினங்களுக்குப் பொதுவான சிறப்பு ஒன்று உண்டு. செவுளுக்கு மேலே, தலைக்குள், மடிப்பு மடிப்பாக அமைந்த ஓர் உறுப்பினால் இவை காற்றை நேரே உள்வாங்கும். நீரில் உயிர்வளி குறைந்தாலும் மேலே வந்து ஒரு வாய் காற்றைப் பருகி உயிர் பிழைக்கும். வயற்சேற்றிலும் ஆழமற்ற குட்டையிலும் வாழ இயற்கை கொடுத்த வரம் இது. அந்த வரமே இதற்குச் சாபமும் ஆயிற்று. காற்றைக் குடித்து வாழும் மீன்தானே என்று எண்ணி ஊறுகாய்ப் புட்டியிலும் பிளாஸ்டிக் கோப்பையிலும் இதனை அடைத்து விற்கிறார்கள். உடனே சாகாதிருப்பது ஒன்று. நலமாக வாழ்வது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதிலிருந்தே இம்மீனின் நோய்கள் பெரும்பாலும் தொடங்குகின்றன.

மரபு சொன்ன ‘பார்த்துக் காத்தல்’ இம்மீனிடம் கண்கூடாகக் காணத்தக்கது. ஆண் மீன் வாயில் காற்றெடுத்துக் குமிழி குமிழியாக ஊதி நீர்ப்பரப்பில் நுரைக்கூடு கட்டும். பெண் மீன் இட்ட முட்டைகளைப் பொறுக்கி அக்கூட்டில் சேர்க்கும். பின் கூட்டின் கீழேயே நின்று, அண்ணாந்து பார்த்தபடி காவல் காக்கும். ஒரு முட்டை நழுவி விழுந்தால் வாயால் ஏந்தி மீண்டும் வைக்கும். ஓரிரு நாளில் குஞ்சு பொரியும்; அவை தாமே நீந்தும் வரை தந்தை அவ்விடம் விட்டு அகலாது. நம் முன்னோர் சொன்ன பார்வை வெறும் கற்பனையன்று. விழிப்போடு உடனிருத்தலுக்கு அவர்கள் இட்ட பெயர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவ்வாறாயின் நோயுற்ற மீனை நாம் எவ்வாறு பார்ப்பது? தொல்காப்பியர் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே வகுத்தார். உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவதை நகை, அழுகை முதலாக எட்டாகப் பகுத்தார். வாய் திறந்து சொல்லாததையும் மெய் சொல்லும் என்பது அதன் அடிப்படை. மீனுக்கு அழுகையும் இல்லை, அரற்றலும் இல்லை. அதற்கு உள்ளதெல்லாம் மெய்யே.

நலமுள்ள மீன் துடுப்புகளை விரித்து நீந்தும். ஆள் நிழல் கண்டால் உணவுக்கு முன்வரும். நோய் கண்ட மீன் முதலில் துடுப்புகளை உடலோடு ஒட்டி மடக்கிக்கொள்ளும். உணவைப் பார்த்தும் வாராது. நிறம் வெளுக்கும். அடியில் கிடக்கும், அல்லது நீர்ப்பரப்பை விட்டு நகராமல் மூச்சு வாங்கும். கல்லிலும் செடியிலும் உடலைத் தேய்த்தால் தோலில் ஒட்டுண்ணி இருக்கலாம். உப்புப் பரல் தூவியதுபோல் வெண்புள்ளிகள் தோன்றினால் வெண்புள்ளி நோய். பக்கவாட்டில் விளக்கடித்துப் பார்க்கையில் பொன்தூள் பூசியதுபோல் மின்னினால் அது வேறோர் ஒட்டுண்ணி. துடுப்பின் ஓரம் கறுத்தோ சிவந்தோ கிழிந்துகொண்டே வந்தால் துடுப்பு அழுகல். வயிறு வீங்கிச் செதில்கள் பலாக்காய் முள்போல் குத்திட்டு நின்றால் உடலுக்குள் நீர் கோத்துவிட்டது. அது மீள்வது அரிது.

மீனுக்கு வலிக்குமா என்று கேட்பவருக்கும் இன்று விடை உண்டு. 2003-இல் லின் ஸ்னெட்டன் முதலிய ஆய்வாளர்கள் டிரவுட் மீனின் வாய்ப்பகுதியில் வலியுணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினர். உதட்டில் எரிச்சலூட்டும் பொருளைச் செலுத்தியபோது அம்மீன்கள் உணவை மறுத்தன. சில, உதட்டைச் சரளைக் கல்லில் தேய்த்தன. மெய்ப்பாட்டைக் கொண்டே அவர்களும் உண்மை கண்டனர்.

அறிகுறி கண்டபின் செய்யவேண்டியது யாது? திருக்குறளின் 95-ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ இதற்கு வழிகாட்டும். நோய் இன்னதென்று தேர்ந்து, அதன் காரணத்தைத் தேர்ந்து, தணிக்கும் வழியைத் தேர்ந்து செயற்படுமாறு வள்ளுவர் கூறுகிறார். நம்மில் பலர் முதல் இரண்டையும் விட்டு மூன்றாவதற்குத் தாவுகிறோம்; கடைக்கு ஓடி நீலமும் மஞ்சளுமாக மருந்து வாங்கி ஊற்றுகிறோம். மீனின் நோய்க்குக் காரணம் பெரும்பாலும் நீரில் இருக்கிறது. மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும், மிஞ்சிய உணவு அழுகுவதிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது கண்ணுக்குத் தெரியாது. பளிங்குபோல் தெளிந்த நீரிலும் இருக்கும். செவுளை அரிக்கும். நீர் வெம்மையாகவும் காரத்தன்மை மிகுந்தும் இருந்தால் அதன் நஞ்சு கூடும். ஏரியிலும் குளத்திலும் நுண்ணுயிர்கள் அதனைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றிவிடுகின்றன. புதிய தொட்டியில் அந்நுண்ணுயிர்கள் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். சிறு குடுவையில் அவற்றுக்கு இடமே இல்லை.

ஆகவே முதல் மருந்து நல்ல நீர். நீர் முழுவதையும் ஒரே நேரத்தில் கொட்டி மாற்றுவது மீனுக்கு அதிர்ச்சி தரும். கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ நாள்தோறும் மாற்றுவது நன்று. குழாய் நீரில் குளோரின் இருக்கும்; வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் அது பெரிதும் நீங்கும். குளோரமின் கலந்த நீராயின் அவ்வாறு நீங்காது. அதற்கென உள்ள நீர்த்திருத்தியைக் கலக்கவேண்டும். ஊற்றும் நீரின் வெம்மையும் தொட்டி நீரின் வெம்மையும் ஒத்திருக்கவேண்டும். இம்மீனுக்கு 25 முதல் 28 பாகை செல்சியஸ் உகந்தது. மார்கழி, தை இரவுகளில் சிறு குடுவையின் நீர் விரைவில் குளிர்ந்துவிடும். பத்து முதல் இருபது லிட்டர் கொள்ளும் தொட்டி அவ்வாறு சட்டென மாறாது.

அடுத்த மருந்து உணவின் அளவு. மருந்து அதிகாரத்தின் பத்துக் குறள்களில் ஆறு உணவைப் பற்றியே பேசுகின்றன என்பது ஈண்டு நினையத்தக்கது. இம்மீனின் இரைப்பை ஏறத்தாழ அதன் கண்ணளவே என்று வளர்ப்போர் கூறுவர். கண்ணளவு வயிற்றுக்குக் கையளவு உணவிடுவதே பெரும்பாலோர் காட்டும் அன்பு. வயிறு உப்பி, உடல் சாய்ந்து மிதக்கும் மீனுக்கு ஓரிரு நாள் பட்டினியே மருந்தாகும்.

அதன்பின் பிற. லிட்டருக்கு ஒரு கிராம் அளவில் கல்லுப்பைத் தனியே கரைத்துச் சில நாட்களுக்கு மட்டும் சேர்க்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் நிழல் தரும் நாட்டு வாதுமை மரத்தின் பழுத்து உதிர்ந்து காய்ந்த இலையைக் கழுவி இடலாம். நீர் தேநீர் நிறம் கொள்ளும், மீன் அமைதியுறும். ஆயினும் அது எல்லா நோயையும் தீர்க்கும் சஞ்சீவி அன்று. வெண்புள்ளி நோய்க்கு மருந்திடும்போது ஒன்று நினைவிருக்கவேண்டும். புள்ளி மறைந்தவுடன் நோய் தீர்ந்ததாகாது. ஒட்டுண்ணி மீனை விட்டு இறங்கி, அடியில் பலவாகப் பெருகி, மீண்டும் மீனைத் தேடி நீந்தும். அவ்வாறு நீந்தும் பருவத்தில் மட்டுமே மருந்து அதனைக் கொல்லும். எனவே புள்ளி மறைந்த பின்னும் குறித்த நாள்வரை மருந்தைத் தொடரவேண்டும். நுண்ணுயிர்க்கொல்லிகளை அறிந்தவர் சொல்லாமல் இடலாகாது. எக்காரணம் கொண்டும் நோயுற்ற மீனை விடுதலை செய்கிறேன் என்று கொளவாய் ஏரியில் விடுதலும் ஆகாது. அது அதன் நோயை ஏரியின் மீன்களுக்குக் கொடையாக அளிப்பதாகும்.

இதுவரை கூறியதை எனக்கு உயிரோடு விளக்கியவர் ஒரு மூதாட்டி. என் மாணவி ஒருத்தி மாமல்லபுரத்தை அடுத்த மீனவர் குப்பத்திலிருந்து வருபவள், கவிதை எழுதுபவள். அவள் வளர்த்த நீலச் சண்டை மீன் துடுப்பு மடங்கி உண்ணாமல் கிடந்தது. அவளுடைய ஆயா நாற்பதாண்டுகளாக மீன் விற்றவர். நான் அவர்கள் வீட்டுக்குச் சென்றிருந்த அன்று, பெயர்த்தியின் கண்ணீரைப் பார்த்து, “குழம்புக்கும் ஆவாத மீனு, இதுக்கா கண்ணு அழுவுற?” என்று முதலில் நகைத்தார். பின் குடுவையைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “செவுளு படபடன்னு அடிச்சிக்குது பாரு. வாங்குறப்ப நான் செவுளையும் கண்ணையுந்தான் பாப்பேன். செத்த மீனுக்கு எது சாட்சியோ, உசுரு மீனுக்கும் அதான் சாட்சி. தண்ணி கெட்டுப்போச்சி” என்றார்.

நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை அவர் ஒரு நோக்கில் சொல்லிவிட்டார். புட்டி போய்த் தொட்டி வந்தது. நாள்தோறும் சிறிது நீர் மாற்றப்பட்டது. மாணவி ஒரு குறிப்பேட்டில் காலையும் மாலையும் கண்டதை எழுதிவைத்தாள்: இன்று துடுப்பு பாதி விரிந்தது, இன்று ஒரு கொசுப்புழு தின்றது, துடுப்பின் ஓரத்தில் கண்ணாடிபோல் புதுத் தோல் தெரிகிறது. சில வாரங்களில் அம்மீன் தேறியது. ஒருநாள் நுரைக்கூடும் கட்டியது. அதன்பின் ஓராண்டுக்கு மேல் வாழ்ந்து, மூப்பினால் இறந்தது. இவ்வினத்தின் வாழ்நாளே இரண்டிலிருந்து நான்கு ஆண்டுகள்தாம்.

அம்மாணவி ஒருநாள் என்னிடம் கேட்டாள்: “அம்மா, எங்கள் வீடு மீன் பிடித்து வாழும் வீடு. நானும் மீன் உண்கிறேன். இந்த ஒரு மீனுக்காக அழுதது பொய்யாகாதா?” எளிதில் விடையளிக்க முடியாத வினா இது. நான் சொன்னது இதுதான்: “கடலின் மீன் உன் குடும்பத்துக்கு உணவு, அதனிடம் நீ கடன்பட்டிருக்கிறாய். இந்த மீனை நீ கடலிலிருந்தும் வயலிலிருந்தும் பிரித்துக் கண்ணாடிக்குள் வைத்தாய். இது தன் இரையைத் தேட முடியாது. கெட்ட நீரை விட்டு அகல முடியாது. தானே செய்துகொள்ள முடிந்தவற்றையெல்லாம் நீ எடுத்துக்கொண்டதால் அவற்றை நீதான் செய்யவேண்டும். உன் அழுகை பொய்யன்று. ஆனால் அழுகையைவிட நீர் மாற்றுவதே அதற்குத் தேவை.” என் விடை முழுமையானது என்று நான் சொல்லவில்லை. அவ்வினாவை உங்கள் முன்னும் வைக்கிறேன்.

ஏனெனில் அவ்வினா குடுவையோடு நிற்பதன்று. 2025 ஜனவரியில் சென்னையிலும் அதனை ஒட்டிய கடற்கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. ஆமையும் சண்டை மீனைப்போல மேலே வந்து மூச்சு வாங்கும் உயிர். இழுவலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் நீருக்குள்ளேயே மூச்சடைத்துச் சாகிறது. நினைந்து காக்கும் என்று நாம் பாடிய உயிரை நினையாதவர் நாமே. மாமல்லபுரத்துக் கிருட்டிண மண்டபத்தில் ஒருவன் பால் கறக்க, பசு தன் கன்றை நக்கிக்கொடுக்கும் காட்சியை நீங்கள் கண்டிருப்பீர்கள். அருச்சுனன் தவத்தின் அருகே ஒரு குரங்கு மற்றொன்றுக்குப் பேன் பார்க்கிறது. பேணுதலை அச்சிற்பிகள் எவ்வளவு கூர்ந்து பார்த்திருந்தால் கல்லில் அது அவ்வாறு வந்திருக்கும்! அவர்கள் பசுவை உவமையாகப் பார்க்கவில்லை, பசுவாகப் பார்த்தார்கள்.

கவிஞர் பெருமக்களே, உங்களிடம் நான் வேண்டுவது இதுவே. ஓர் உயிரை நம் உணர்ச்சிக்கு உவமையாக்கும் முன், அவ்வுயிரையே ஒருமுறை நோக்குங்கள். அது எவ்வாறு மூச்சு விடுகிறது, எதனை உண்கிறது, எப்போது உண்ண மறுக்கிறது என்று பாருங்கள். அவ்வாறு பார்த்தபின் எழுதும் உவமை பழையதாயினும் புதிதாக இருக்கும். அந்த மாணவி பின்னாளில் எழுதிய கவிதைகளில் சொற்கள் குறைந்தன, கண்டது மிகுந்தது. குறிப்பேடு அவளுக்கு யாப்பும் கற்பித்தது என்றே சொல்வேன்.

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்கிறது அதே மருந்து அதிகாரம். மருத்துவர் கிடைப்பார், வாணியஞ்சாவடியில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் நிலையம் இருக்கிறது, முட்டுக்காட்டில் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மருந்தும் கடையில் கிடைக்கும். உடனிருந்து பேணுபவரை மட்டும் எங்கும் விலைக்கு வாங்க முடியாது. ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிலைப்பதும் அத்தகையோர் சிலர் இருப்பதால்தான். மாதந்தோறும் நாற்காலி அடுக்கியவர்களும், புதியவர் படித்த முதற்கவிதையைப் பொறுமையோடு கேட்டவர்களும் இவ்வட்டத்தை நோக்காலேயே பேணியிருக்கிறார்கள். அவர்கள் அனைவருக்கும் என் வணக்கத்தைத் தெரிவித்து அமைகிறேன்.